சம்பளம் வாங்காதவங்களை நம்பி ஒரு தொழில்: கொயர் கண்டக்டரும் கச்சேரிப் பாடகரும்

வணக்கம் மக்களே!

கண்டக்டர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது காக்கிச் சட்டை, தோள்ல தொங்குற தோல் பை, வாயில விசில். சுத்தத் தமிழ்ல ‘நடத்துநர்’னு சொன்னாலும் அதே பஸ்தான் வந்து நிக்கும். இந்த எபிசோடில் நாம பார்க்கப் போறது வேற ஒரு கண்டக்டரை. நூறு, நூற்றைம்பது பேர் சேர்ந்து பாடுற ஒரு குழுவைத் தயார் பண்ணுற கொயர் கண்டக்டர். கூடவே இன்னொருத்தர்: அந்தக் குழுவுக்கு முன்னால் நின்று தனியாகப் பாடுற கச்சேரிப் பாடகர். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இந்த ரெண்டு வேலையும் எப்படி நடக்குது, சோறு எங்கிருந்து வருது, ஒருத்தர் இதுல எப்படி மேல வர்றார்? இதுதான் இன்னைக்கு விஷயம்.

நான் பகல்ல கோட் எழுதுற ஆள். புது சிஸ்டம் ஒண்ணு கைக்கு வந்தா, எது எதை நம்பி இருக்குன்னு முதல்ல ஒரு படம் போட்டுப் பார்க்குறது எங்க பழக்கம். இந்தத் தொழிலுக்கும் அப்படி ஒரு படம் போட்டுப் பார்த்தேன். வந்த பதில் கொஞ்சம் விசித்திரமா இருந்துச்சு. இதுல பேர் வாங்கினவங்க, பணம் வாங்குறவங்க பலரும், காசே வாங்காத ஒரு பெரிய கூட்டத்தின் மேலதான் நிக்கறாங்க.

ஒரு மேடை, நாலு விதமான ஆட்கள்

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை எடுத்துக்குவோம். 1824இல் வியன்னாவில் முதல்முறை அரங்கேறியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல ஓடுற படைப்பு. நாலு பகுதி. முதல் மூணு பகுதியிலும் வாத்தியங்கள் மட்டும்தான். பின்னாடி வரிசை வரிசையா உட்கார்ந்திருக்கிற கொயர் வாயே திறக்காது. நாலாவது பகுதியிலதான் அவங்க எழுந்து பாடுவாங்க.

இப்போ ஒரு பெரிய அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் நகரத்தில் இந்தக் கச்சேரி நடக்குதுன்னு வைங்க. மேடையில் இருக்கிற யாருக்கெல்லாம் பணம்? ஆர்க்கெஸ்ட்ராக்காரங்களுக்கு உண்டு, அது அவங்க வேலை. கண்டக்டருக்கு உண்டு. முன்னால் நிற்கும் நாலு தனிப்பாடகர்களுக்கும், அதாவது சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல் வகைக்கு ஒருத்தர் வீதம், அந்தக் கச்சேரிக்கென்று பேசின தொகை உண்டு. பின்னாடி நிற்கும் நூற்றுக்கும் மேற்பட்டவங்க? பல ஊர்களில் அவங்களுக்கு ஒரு பைசா கிடையாது. ஸ்கூல் டீச்சர், நர்ஸ், வக்கீல், ஓய்வு பெற்ற தபால்காரர்னு ஆபீஸ் முடிச்சு சாயந்திரம் வந்து பயிற்சி எடுத்தவங்க. 1966இல் ஆரம்பித்த லண்டன் சிம்ஃபனி கோரஸ் அப்படிப்பட்ட அமெச்சூர் குழுதான்.

இன்னும் ஒருத்தர் இருக்கார். அந்த நூற்றைம்பது பேருக்கும் வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்தவர். கச்சேரி அன்னைக்கு அவர் மேடையிலேயே இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவின் கண்டக்டர் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கொள்வார். இவர் பார்வையாளர்களுக்கு நடுவில் எங்கேயோ உட்கார்ந்து, கடைசியில் கைதட்டலுக்கு மட்டும் மேடை ஏறி ஒரு வணக்கம் வச்சுட்டு இறங்குவார். நாம எழுதின கோடை இன்னொரு டீம் எடுத்துட்டுப் போய் லைவ் பண்ற மாதிரி. எல்லாம் நல்லா ஓடினா யாரும் உங்களைத் தேட மாட்டாங்க.

ஐரோப்பாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அங்கே சில வானொலி நிறுவனங்கள் மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வச்சிருக்கு. பெர்லின் வானொலிக் கொயரும் ஸ்வீடன் வானொலிக் கொயரும் 1925இல் தொடங்கியவை. எரிக் எரிக்சன் என்ற கண்டக்டர் ஸ்வீடன் குழுவை முப்பது வருஷம் நடத்தி, மத்த நாட்டு இசையமைப்பாளர்களும் அவங்களுக்காகவே எழுதுற அளவுக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் தேவாலயங்களில் ‘கான்டர்’ என்று ஒரு சம்பளப் பதவியே இருக்கு. 1723லிருந்து 1750 வரை லைப்சிக்கில் பாக் பார்த்த வேலை அதுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் கொயர் கண்டக்டருக்குச் சம்பளம் தரும் இடம். ஆக தேவாலயம், கல்லூரி, வானொலி. இந்த மூணு வாசலைத் தாண்டினா நிரந்தர வேலை ரொம்பக் கம்மி.

மணி சொல்ல லாயக்கில்லாத குரல்

முதல்ல கச்சேரிப் பாடகர். நம்ம ஊர்க் கச்சேரியோட குழப்பிக்க வேண்டாம். இங்கே பாடகர்தான் மையம். என்ன ராகம், எவ்வளவு நேரம், எங்கே நிரவல்னு அவர் முடிவு பண்ணுவார், பக்கவாத்தியம் கூடவே போகும். அங்கே எல்லாம் முன்னாடியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். இவர் நாலு பேர்ல ஒருத்தர். ரெண்டு மணி நேரப் படைப்பில் இவர் பாடுறது இருபது நிமிஷமா இருக்கலாம். மீதி நேரம் மேடையில் நாற்காலியில் அசையாம உட்கார்ந்திருக்கணும். திடீர்னு எழுந்து, குரலைச் சூடு பண்ண வாய்ப்பே இல்லாம, முதல் சுரத்திலேயே சரியா இறங்கணும்.

இந்த வேலைக்கு நான் எடுத்துக்கிற ஆள் கேத்லீன் ஃபெரியர். 1912இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். பதினாலு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, பிளாக்பர்ன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தார். பியானோ நல்லா வாசிப்பார். பாட்டு அப்போ ஒரு பக்கத்து ஆர்வம்தான். 1935இல் பிரிட்டிஷ் தபால் துறை ஒரு போட்டி வச்சது. போன் பண்ணினா மணி சொல்ற சேவைக்கு ஒரு குரல் வேணும், டெலிபோன் ஆபரேட்டர்களே கலந்துக்கலாம். ஃபெரியரும் போனார். தேர்வாகல. பின்னாளில் அந்த நாட்டிலேயே அதிகம் நேசிக்கப்பட்ட குரல்களில் ஒண்ணு, மணி சொல்றதுக்குப் போதாதுன்னு திரும்பி வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு 1937இல் கார்லைல் நகரத்து இசைப் போட்டி. அவர் பியானோவுக்குப் பேர் கொடுத்திருந்தார். பாட்டுப் போட்டியிலும் சேர உனக்குத் தைரியம் இருக்கான்னு கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். சேர்ந்தார். ரெண்டுலயும் முதல் பரிசு. அதுக்கப்புறம்தான் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

இங்கே ஒரு நிமிஷம் நின்னு, அந்தக் காலத்து வட இங்கிலாந்து எப்படி இருந்ததுன்னு பார்க்கணும். மில் வேலைக்காரங்க நிறைஞ்ச ஊர்கள். பல ஊர்களில் ஒரு கோரல் சொசைட்டி, அதாவது ஊர் மக்கள் சேர்ந்து பாடுற சங்கம் இருந்தது. டிசம்பர் வந்தா ஹேண்டலின் ‘மெசையா’. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் பாக் எழுதிய ‘பேஷன்’ படைப்புகள். நடுவில் மெண்டல்சனின் ‘எலைஜா’. ஊர்க்காரங்க கொயர்ல பாடுவாங்க. ஆனா தனிப்பாட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து நாலு பாடகர்களைக் காசு கொடுத்து வரவழைப்பாங்க. அந்த நாலு பேர் ரயில் ஏறி வருவாங்க, மத்தியானம் ஒரு ஒத்திகை, சாயந்திரம் கச்சேரி, மறுநாள் அடுத்த ஊர்.

கச்சேரிப் பாடகர்னு ஒரு தொழில் இருந்ததே இந்தச் சங்கங்களால்தான். சம்பளம் வாங்காத நூறு பேர் டிக்கெட் விற்று, சந்தா போட்டு, நாலு பேருக்குக் கூலி கொடுக்கிறாங்க. ஃபெரியரின் சாப்பாடும் அங்கிருந்துதான் வந்தது.

போர்க்காலம். அரசு ஆதரவில் தொழிற்சாலைகளுக்கும் சின்ன ஊர்களுக்கும் கலைஞர்களை அனுப்புற ஒரு திட்டம் இருந்தது. அதில் பாடினார். 1942இல் கண்டக்டர் மால்கம் சார்ஜன்ட் அவர் குரலைக் கேட்டு லண்டன் ஏஜென்ட் ஒருவரிடம் சொல்லிவிட்டார். அந்த வருஷக் கடைசியில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1943 மே 17ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் ‘மெசையா’. நடத்தியவர் ரெஜினால்ட் ஜாக்ஸ். லண்டனின் பாக் கொயர் என்கிற அமெச்சூர் குழுவின் கண்டக்டர் அவர். கேட்க வந்தவர்களில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் ஒருவர். மூணு வருஷம் கழித்து தன் புது ஓபராவின் நாயகி வேஷத்தை ஃபெரியருக்குக் கொடுத்தார். 1947இல் எடின்பரோ விழாவில் புருனோ வால்டர் நடத்த, மாலரின் ‘டஸ் லீட் ஃபொன் டெர் எர்டே’ பாடினார். வால்டர் மாலரின் உதவியாளராக இருந்தவர், அந்தப் படைப்பையே 1911இல் முதல்முறை மேடையேற்றியவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சை விட்டு வந்து அப்போ பன்னிரண்டு வருஷம்தான்.

இத்தனைக்கும் ஃபெரியர் மேடையில் ஏற்ற ஓபரா வேஷங்கள் ரெண்டே ரெண்டு. மத்தபடி ஆயுசு முழுக்க கச்சேரி மேடைதான்.

பேக்கப் இல்லாத கருவி

கச்சேரிப் பாடகருக்கும் ஓபரா பாடகருக்கும் வேலை அமைப்பே வேற. ஓபராவில் ஒரு நாடகத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை உண்டு. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பல ஓபரா அரங்குகள் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கே எடுத்துக்கும். கச்சேரிப் பாடகருக்கு அது கிடையாது. ஒவ்வொரு கச்சேரியும் தனி ஒப்பந்தம். பாடினா பணம். சளி பிடிச்சு வரலைன்னா இல்லை. டிசம்பர்ல நிக்க நேரமிருக்காது, ஆகஸ்டுல போன் அடிக்காது.

அதனால இந்தத் தொழில்ல ஒரு கணக்கு உண்டு. எத்தனை படைப்புகள் கையில தயாரா இருக்கு? யாரோ ஒருத்தருக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு ஏஜென்ட் காலையில கூப்பிடுவார்: “இன்னைக்கு ராத்திரி ‘எலைஜா’ பாட முடியுமா?” முடியும்னு சொல்ல முடிஞ்சவங்களுக்குத்தான் அடுத்த கதவு திறக்கும். பலரோட பெரிய வாய்ப்பு இப்படி வந்ததுதான். அது வர்ற வரைக்கும் வாரம் முழுக்கப் பாட்டு வகுப்பு எடுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கொயரில் சின்னத் தொகைக்குப் பாடுறதுன்னு நாலஞ்சு வருமானத்தை ஒட்டுப்போட்டு மாசத்தை ஓட்டுவாங்க. இன்னைக்கும் அப்படித்தான்.

ஃபெரியரின் முடிவு இந்தத் தொழிலின் குரூரத்தைக் காட்டுது. 1951இல் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்கும் நடுவிலேயே பாடிக்கொண்டிருந்தார். 1952 மே மாதம் வியன்னாவில் வால்டருடன் அந்த மாலர் படைப்பைப் பதிவு செய்தார். 1953 பிப்ரவரி 6, லண்டன் கோவென்ட் கார்டன் மேடை, குளுக்கின் ‘ஓர்ஃபியோ’. நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே தொடை எலும்பு உடைந்தது. நின்ற இடத்திலிருந்து நகராமல், மத்தவங்க தாங்கிப்பிடிக்க, மீதியையும் பாடி முடிச்சார். அதுதான் கடைசி. அதே வருஷம் அக்டோபர் 8ஆம் தேதி இறந்தார். வயசு 41.

வயலின்காரர் வயலினைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத் தூங்கலாம். பாடகருக்கு அந்த வசதி இல்லை. உடம்புதான் கருவி, அதுக்குப் பேக்கப்பே கிடையாது.

சத்தமே எழுப்பாத இசைக்கலைஞர்

கொயர் கண்டக்டர் இதுக்கு நேர் எதிர். அவர் உடம்பிலிருந்து ஒரு சத்தமும் வராது. அவர் கருவி மத்தவங்க. அதுவும், நினைச்சா நாளைக்கே வராம நின்னுடக்கூடிய மத்தவங்க.

ராபர்ட் ஷா 1916இல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். அப்பா போதகர், தாத்தாவும் போதகர். இவரும் அந்த வழியில போறதாத்தான் இருந்தது. இசைப் பட்டம் எதுவும் வாங்கல. பொமோனா கல்லூரியில் படிச்சபோது அங்கே மாணவர் பாட்டுக் குழுவை நடத்தினார். ரேடியோவில் புகழ்பெற்றிருந்த ஃப்ரெட் வேரிங் ஒரு சினிமா வேலையா அங்கே வந்தவர், அதைக் கேட்டுட்டு நியூயார்க்குக்குக் கூப்பிட்டார். 1938இல் போனார். மெல்லிசை நிகழ்ச்சிக்குக் கொயர் தயார் பண்ணுற வேலை.

1941இல் சொந்தமா ‘கொலீஜியட் கொரால்’ என்ற குழுவை ஆரம்பித்தார். பாட விருப்பம் இருக்கிற சாதாரண நியூயார்க்வாசிகள். கறுப்பினத்தவர், வெள்ளையர், யூதர், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே வரிசையில். அமெரிக்க ராணுவமே நிறவாரியாகப் பிரிந்திருந்த காலம் அது. பயிற்சிக்கு இடம் கொடுத்த தேவாலயத்துக்கு இந்தக் கலப்பில் உடன்பாடில்லை. ஷா ஆட்களைக் குறைக்கலை, குழுவையே வெளியே கூட்டிட்டுப் போயிட்டார். பேர்ல மட்டும் அந்தத் தேவாலயத்தின் அடையாளம் ஒட்டிக்கிட்டிருந்தது. 1946இல் இதே அமெச்சூர் குழுவுக்காக ஹிண்டமித் ஒரு பெரிய படைப்பை எழுதினார். ரூஸ்வெல்ட் மறைவையும் போரில் இறந்தவர்களையும் நினைத்து, வால்ட் விட்மனின் கவிதையை வச்சு எழுதியது.

இதுக்கு நடுவில் ஷா ஒரு வேலை செய்தார். பேர் வந்தாச்சு, கூட்டம் வருது, ஆனா அடிப்படை போதாதுன்னு அவருக்கே தெரிஞ்சது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியிருந்த ஜூலியஸ் ஹெர்ஃபோர்ட் என்ற ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து, ஒரு இசைப்பிரதியை எப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரிச்சுப் படிக்கிறதுன்னு கத்துக்கிட்டார். அதுக்கப்புறம்தான் டோஸ்கனினி மாதிரி ஆட்களுக்கு அவர் தவிர்க்க முடியாதவர் ஆனார். 1952இல் டோஸ்கனினி பதிவு செய்த ஒன்பதாவது சிம்ஃபனியிலும், அடுத்த வருஷம் பதிவு செய்த ‘மிஸ்ஸா சொலெம்னிஸ்’ படைப்பிலும் பாடியது ராபர்ட் ஷா கொரால். இது 1948இல் அவர் ஆரம்பித்த தொழில்முறைக் குழு.

“ஒன் அண்ட் டூ அண்ட் டீ”

ஷா என்ன பண்ணினார்னு புரிஞ்சுக்க ஒரு உதாரணம் போதும்.

நூறு பேருக்குப் புதுசா ஒரு பாட்டு சொல்லிக் கொடுக்கணும். ஒரே நேரத்தில் அவங்க நாலு விஷயம் சரியாச் செய்யணும்: சுரம், தாளம், சொல், சத்தத்தின் அளவு. பாடச் சொன்னா நாலும் ஒண்ணா உடையும். எங்கே தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது. நாங்க டீபக் பண்றப்போ என்ன செய்வோம்? ஒவ்வொண்ணா தனியாக் கழட்டிப் பார்ப்போம். ஷாவும் அதைத்தான் செய்தார்.

முதல்ல சொற்களைக் கழட்டிடுவார். சொல்லுக்குப் பதிலா எல்லாரும் தாளத்தை எண்ணிக்கிட்டே அந்தந்தச் சுரத்தைப் பாடணும். “ஒன் அண்ட் டூ அண்ட் டீ அண்ட் ஃபோர் அண்ட்.” கவனிச்சீங்களா, ‘த்ரீ’ இல்லை, ‘டீ’. ‘த்ரீ’ன்னு சொல்ல நாக்கு ஒரு நொடி தடுமாறும், நூறு பேர் தடுமாறினா தாளம் சேறாகிடும். அடுத்து, சத்தத்தைக் கழட்டிடுவார். எல்லாம் மெல்லிசா, கிட்டத்தட்ட முணுமுணுப்பாத்தான். நம்ம ஊர்ல தாளம் போட்டுக்கிட்டே சொல்கட்டு சொல்லிப் பழகுறது நினைவுக்கு வரலாம். அடிப்படை யோசனை கிட்டத்தட்ட அதுதான்.

மெல்லிசாப் பாடச் சொன்னதுக்கு ரெண்டு காரணம். சத்தமாப் பாடினா பக்கத்து ஆள் என்ன பாடுறார்னு காதுல விழாது. ரெண்டாவது காரணம்தான் எனக்குப் பிடிச்சது: வந்திருக்கிறவங்க நாள் முழுக்க எங்கேயோ வேலை பார்த்துட்டு வந்தவங்க. டீச்சருக்கு ஏற்கெனவே தொண்டை காய்ஞ்சிருக்கும். அவங்க குரல் ஒரு சாயந்திரத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. அதைச் சுரம் தேடுறதுலயே செலவழிக்கக் கூடாது.

இன்னொண்ணு, கடிதம். பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போய் குழுவுக்குக் கடிதம் எழுதுவார். எந்த இடம் சரியில்லை, அந்தப் பாட்டு எதைப் பத்தியது, நாம ஏன் இதைப் பாடணும்னு. எல்லாக் கடிதமும் “டியர் பீப்பிள்” என்றே தொடங்கும். தமிழ்ல சொன்னா, அன்பு மக்களே. (நான் ஒவ்வொரு எபிசோடும் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன், ஆனா காப்பி அடிக்கலை, சத்தியமா.)

காசு கொடுத்தா ஒருத்தர் வர்றதுக்குக் காரணம் அந்தக் காசே. காசு கொடுக்கலைன்னா, அவர் அடுத்த வாரமும் வர்றதுக்கு ஒரு காரணத்தை நீங்கதான் ஒவ்வொரு வாரமும் உண்டாக்கணும். ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் நடத்துறவங்களைக் கேட்டுப் பாருங்க, இதே பதிலைத்தான் சொல்வாங்க.

பின்னாடியிருந்து முன்னாடி

கொயர் கண்டக்டருக்கு மேல ஒரு கூரை உண்டு. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துறவர் ‘மேஸ்ட்ரோ’. கொயரைத் தயார் பண்றவர் ‘கோரஸ் மாஸ்டர்’. அந்தக் கூரையைத் தாண்டுறது கஷ்டம்.

ஷா தாண்டினார், ஆனா சுத்தி வளைச்சு. அவருடைய கொரால் பஸ்ஸில் ஊர் ஊராகச் சுத்தியது. 1962இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவங்களை சோவியத் யூனியனுக்கு அனுப்பியது. கியூபா ஏவுகணை நெருக்கடி வெடித்த அதே நேரத்தில், அங்கே அவங்க பாடினது பாக்கின் பி மைனர் மாஸ். புகழ் இருந்தாலும், 1956லேயே கிளீவ்லாண்டில் ஜார்ஜ் செல்லுக்குக் கீழே துணைக் கண்டக்டராகச் சேர்ந்திருந்தார். நாற்பது வயசுல, ஒருத்தருக்குக் கீழே உட்கார்ந்து ஆர்க்கெஸ்ட்ரா வேலையைக் கத்துக்கிட்டார். 1967இல்தான் அட்லாண்டா சிம்ஃபனியின் முழுப் பொறுப்பு கிடைத்தது. 1988 வரை அங்கேதான்.

மார்கரெட் ஹில்லிஸுக்கு அந்தக் கூரை இன்னும் தாழ்வு. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆர்க்கெஸ்ட்ரா நடத்தணும்னுதான் ஆசை. அன்னைக்குப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்காதுன்னு தெரிஞ்சு, கொயர் வழியா உள்ளே வந்தார். 1957இல் சிகாகோ சிம்ஃபனி கோரஸை உருவாக்கினார். இருபது வருஷம் கழித்து, 1977 அக்டோபர் 31, நியூயார்க் கார்னகி ஹால். மாலரின் எட்டாவது சிம்ஃபனி. ஆர்க்கெஸ்ட்ரா, பல கொயர்கள், எட்டு தனிப்பாடகர்கள் என்று மேடை கொள்ளாத படைப்பு. நடத்த வேண்டிய ஜார்ஜ் ஷோல்டிக்கு அடிபட்டுவிட்டது. கடைசி நேரத்தில் மேடை ஏறி முழுசையும் நடத்தியவர் ஹில்லிஸ். மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் அவர் செய்தி. அவருக்கு அது திடீர் அதிர்ஷ்டம் இல்லை. அந்தப் படைப்பின் ஒவ்வொரு சுரத்தையும் பாடகர்களோட உட்கார்ந்து ஏற்கெனவே பிரிச்சுப் பார்த்தவர் அவர்தானே.

ஒரு குழு மிஞ்சுவது

அட்லாண்டாவுக்கு வருவோம். 1970இல் ஷா அங்கே ஆர்க்கெஸ்ட்ராவுக்கென்று ஒரு கொயரை ஆரம்பித்தார். தொழில்முறைக் குழு நடத்திப் பேர் வாங்கியவர், இந்த முறை தேர்ந்தெடுத்தது தன்னார்வலர்களை. தேர்வு கடுமை, வருகை கட்டாயம், சம்பளம் பூஜ்யம். அந்தக் குழு பாடிய பதிவுகள் பலமுறை கிராமி வாங்கியது.

1999 ஜனவரியில் ஷா இறந்தார். ஒரு கண்டக்டர் போனா அவர் கட்டினதும் கலைஞ்சிடும்னுதான் நினைப்போம். 2003 டிசம்பரில், உலகத்தின் மிகச் சிறந்த ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஒன்றான பெர்லின் ஃபில்ஹார்மோனிக், பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ பாட இந்த அட்லாண்டா கொயரைக் கூப்பிட்டது. பெர்லினிலேயே சம்பளம் வாங்குற தொழில்முறைக் கொயர்கள் இருக்கும்போது, கடல் தாண்டி ஒரு தன்னார்வலர் குழு. ஷா இல்லாமலேயே அவங்க போய்ப் பாடிட்டு வந்தாங்க. ஒரு கொயர் கண்டக்டரின் கரியரை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியலை.

இது எவ்வளவு மெல்லிசான நூல்

இந்த ஏற்பாடு எவ்வளவு சீக்கிரம் அறுந்து போகும்னு சமீபத்தில் ரெண்டு தடவை பார்த்தோம்.

2020 மார்ச் 10. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஊர் கொயரின் வழக்கமான பயிற்சி. 61 பேர் வந்திருந்தாங்க. ஒருத்தருக்கு ஜலதோஷ அறிகுறி. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதும் சேர்த்து 52 பேருக்கு கோவிட் பரவியது. ரெண்டு பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் உலகம் முழுக்க கொயர்கள் வாயை மூடின. கொயர் நின்னதும், அதை நம்பி இருந்த கச்சேரிப் பாடகர்களின் டைரியும் காலி. கண்டக்டர்களும் வீட்டில். முதல்ல சொன்ன அந்தப் படத்துல அடியிலிருந்த ஒரு பெட்டி விழுந்தது, மேல இருந்த எல்லாம் சரிஞ்சது.

ரெண்டாவது, 2023 மார்ச் 7. பிபிசி சிங்கர்ஸ் குழுவை மூடப் போறோம்னு பிபிசி அறிவித்தது. 1924இல் தொடங்கியது, நூறாவது வருஷத்துக்குப் பக்கத்தில். சுமார் இருபது பேர். பிரிட்டனில் முழுநேரச் சம்பளத்துக்குப் பாடும் ஒரே சேம்பர் கொயர் அதுதான். எதிர்ப்பு கிளம்பியது. 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க மனுவில் கையெழுத்துப் போட்டாங்க. அதே மாசம் 24ஆம் தேதி பிபிசி அந்த முடிவை நிறுத்தி வச்சது, குழு தப்பிச்சது.

அந்த 1.4 லட்சம் பேர் யார்னு யோசிச்சுப் பாருங்க. இருபது பேரோட சம்பளத்துக்காக இத்தனை பேர் ஏன் கவலைப்படணும்? சாயந்திரம் ஆபீஸ் முடிச்சு எங்கேயோ ஒரு ஹால்ல பாடுறவங்களுக்கு, சம்பளத்துக்குப் பாடுறவங்க என்ன செய்றாங்கன்னு உடம்பால தெரியும். அந்த மூச்சை அவங்களும் இழுத்துப் பார்த்திருக்காங்க. ஃபெரியருக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டதும் இதே மாதிரி ஆட்கள்தான்.

அதனால, யாராவது உங்ககிட்ட “இது ஹாபியா, கரியரா?”ன்னு கேட்டா, இந்த உலகத்துல அந்த ரெண்டையும் கத்தியால வெட்டிப் பிரிக்க முடியாதுன்னு சொல்லுங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணும் சாகும்.

கேட்டுப் பார்க்க ரெண்டு விஷயம். ஃபெரியரும் வால்டரும் 1952இல் பதிவு செய்த ‘டஸ் லீட் ஃபொன் டெர் எர்டே’, அதுல கடைசிப் பாட்டு. கிட்டத்தட்ட அரை மணி நேரம், ஹெட்போனோட, போனை ஓரமா வச்சுட்டு. இன்னொண்ணு, ஷா அட்லாண்டா குழுவோட பதிவு செய்த பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’. கொயர் முதல்ல உள்ளே வர்ற இடத்தை மட்டும் கவனிங்க. எவ்வளவு மெல்லிசா வர்றாங்கன்னு பாருங்க. அப்படிப் பாடுறது, அத்தனை பேரும் முந்தின நாள் வரைக்கும் வேற எங்கேயோ வேலை பார்த்துட்டிருந்தவங்க.